மஞ்சள் தட்டுகளைக் கொன்றது யார்?

“மூணும் செத்துப்போச்சு” என்றார் ராகவன்.

பார்வதம் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்த கட்டடம் அது. அதன் மொட்டைமாடியில் காலைப் பத்து மணிக்கே வெயில் உறைத்தது. எதிரே சாய்வான இரும்புச் சட்டத்தில் நான்கு கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் கேரம் போர்டு அகலம், நாலு விரல் ஆழம். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் மஞ்சள் பூச்சுப் பூசிய ஒரு தட்டு.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓரமாக இருந்த நான்காவது பெட்டியில் மட்டும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பி மேலே குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தன. மற்ற மூன்றிலும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவற்றின் மஞ்சள் போன வருடத்துச் சுவரொட்டி போல வெளிறியிருந்தது.

“மூணு டெட் பாடி, ஒரே ஒரு சாட்சி” என்றான் அஜ்மல். “சாட்சி வாயத் தொறந்து குமிழி உட்டுகினுதான் கீது. நேரா அதையே கேட்டுடலாமா அக்கா?”

பார்வதம் பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன குடோன்களை நோண்டியவள். தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்வாள். இப்போது கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே சொந்தத் துப்பறியும் அலுவலகம். அஜ்மல் அவளுடைய உதவியாளன். அவனுடைய ஆட்டோதான் அலுவலக வாகனம். ஆட்டோவுக்கு பிரேக் உண்டு. அவன் வாய்க்குக் கிடையாது.

“இது என்ன வேலை செய்யும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்று பார்வதம் சௌம்யாவைப் பார்த்தாள்.

சௌம்யாதான் அந்தத் தட்டுகளைச் செய்தவள். முப்பத்திரண்டு வயது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு மூன்று வருடமாக இந்த மாடியே கதி. அழுதது தெரியாமலிருக்க முகம் கழுவியிருந்தாள், ஆனாலும் தெரிந்தது.

“இந்தப் பூச்சு மேல வெயில் பட்டா தண்ணி ரெண்டாப் பிரியும் மேடம். ஹைட்ரஜன் தனி, ஆக்சிஜன் தனி. கரண்ட் வேண்டாம், கரி வேண்டாம். அந்த ஹைட்ரஜனை எரிச்சாலும் புகை வராது, தண்ணிதான் வரும்.”

“இவ்வளவு நல்ல சமாச்சாரம் ஏன் எல்லா மாடியிலயும் இல்லை?”

“பூச்சு நிக்காது. வேலை வாங்கற வெயிலே அதை அரிச்சுடும். சிலது ஒரு நாள், சிலது ஒரு வாரம். அதனால நான் மேல இன்னொரு தோல் போட்டேன். இரும்பும் நிக்கலும் கலந்தது, கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. இன்னைக்கு முப்பத்தி ரெண்டாவது நாள். போன வாரம் வரைக்கும் நாலுமே ஓடிட்டிருந்துச்சு. அப்புறம் மூணு மட்டும் சோர ஆரம்பிச்சு, நேத்து நின்னுடுச்சு.”

“தானாவே ஆயுள் முடிஞ்சிருக்கலாம் இல்லையா?”

“அதெப்படி மேடம்? நாலும் ஒரே நாள்ல பூசினது. ஒரே கலவை, ஒரே வெயில். தானா செத்தா நாலும்ல சாகணும்? யாரோ மூணுல மட்டும் எதையோ கலந்திருக்காங்க.”

வாதம் சரியாகத்தான் இருந்தது. பார்வதத்துக்கு அதுவே சந்தேகமாகவும் இருந்தது. எரிந்த குடோன்களில் முதலில் கிடைக்கும் சரியான வாதம் பெரும்பாலும் யாரோ வைத்துவிட்டுப் போனதாக இருக்கும்.

“யாரோ என்ன யாரோ? ஜேம்ஸ்!” ராகவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். கம்பெனி முதலாளி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது எதிராளியின் நெற்றியைப் பார்த்துப் பேசுவார். “எங்க டெக்னீஷியன். மாடிச் சாவி அவன்கிட்ட. தண்ணி ஊத்தற வேலை அவனோடது. போன மாசம் எங்களுக்குப் போட்டியா இருக்கற கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருக்கான். கேட்டா முழிக்கறான். நேத்தே வெளியே அனுப்பிட்டேன். நாளை மறுநாள் சனிக்கிழமை டெல்லியிலிருந்து நிபுணர் குழு வருது. அவங்க வேண்டாம்னா இந்த ஆராய்ச்சியையே மூட வேண்டியதுதான். இது போலீஸ் புகார். சாயங்காலம் ஆவடி ரோடு ஸ்டேஷன்ல கொடுக்கப் போறேன். அதுக்குள்ள நீங்க ஆதாரம் கண்டுபிடிச்சா இதுலயே சேர்த்துடலாம்.”

“ஆதாரத்துக்கு முன்னாடியே பேர் கிடைச்சிடுச்சா சார்?”

ராகவன் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தார்.

பார்வதம் பெட்டிகளைச் சுற்றி வந்தாள். மூடிகள் இறுக்கமாகப் பூட்டியிருந்தன. தண்ணீர் ஊற்ற மேலே ஒரு துளை மட்டும். வெயிலில் குறைவதை ஈடுகட்ட ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்டிக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும் என்றாள் சௌம்யா. ஊற்றியதும் கதவுக்குப் பின்னால் தொங்கும் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். எல்லாக் கையெழுத்தும் ஜேம்ஸுடையது. பார்வதம் பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொண்டாள்.

“என்ன தண்ணி?”

“டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். வேற எதையும் கிட்டவே விட மாட்டேன்.”

மாடிப்படிக்குக் கீழே இருபது லிட்டர் கேன் ஒன்று இருந்தது. ஸ்டிக்கரைப் படித்த அஜ்மல் சிரித்தான். “நம்ம நஜீர் பாய் கடை அக்கா. கரையான்சாவடி. நம்ம ஆபீசுக்கு எதுத்தாப்புல.”

படியைத் துடைத்துக்கொண்டிருந்த நாகம்மாவின் கை அந்தக் கணத்தில் நின்று, மறுபடி ஓடியது. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் அவள்தான். பார்வதம் அவளைப் பார்க்க, அவள் துடைத்த படியையே இன்னொரு முறை துடைத்தாள்.

அஜ்மல் கை கழுவ மேலே ஏறி மொட்டைமாடிக் குழாயைத் திறந்தான். “இன்னாக்கா இது? குழாயத் தொறந்தா டீ வருது!”

“போர் தண்ணி நைனா” என்றாள் நாகம்மா, தலை நிமிராமல். “இந்தப் பக்கம் அல்லாமே அப்டித்தான். வெள்ளத் துணிய ஊற வச்சா சாமியாருதான்.”

குழாயடியில் இருந்த வெள்ளை வாளியின் உட்புறம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு படிந்திருந்தது.

ஆட்டோ பூந்தமல்லி சாலையைப் பிடித்ததும் அஜ்மல் ஆரம்பித்தான். “எனக்கு முதலாளி மேலதான் டவுட்டு. நெத்தியப் பாத்து பேசுறான் பாரு, ஏதோ நம்ம தலைல விலை ஒட்டிகினு கீற மாதிரி.”

“எனக்கு எல்லார் மேலயும்தான்.”

“நாகம்மா மேலயுமா?”

“துடைச்ச படியையே ரெண்டு வாட்டி துடைச்சா. அழுக்கு இல்லாத இடத்துல துடைக்கறவங்க வேற எதையோ துடைக்கறாங்க.”

“என் மேல?”

“உன் மீட்டர் மேல எப்பவுமே உண்டு.”

நஜீர் பாயின் கடை பத்தடிக்குப் பத்தடி. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் ஆய்வகங்களுக்குப் போகும் தண்ணீரும் அவரே காய்ச்சி வடித்து விற்பவர். விஷயத்தைக் கேட்டதும் தாடி நடுங்கியது.

“என் தண்ணில கலப்படமா? யார் சொன்னது? இருபத்தாறு வருஷம்மா!” மேசை இழுப்பறையிலிருந்து பேனா போன்ற ஒரு மீட்டரை எடுத்தார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் உலோகமும் எவ்வளவு என்று எண்ணால் காட்டும் கருவி. புதிய கேனைத் திறந்து முக்கினார். எண் ஒன்றில் நின்றது. அஜ்மல் குடித்துக்கொண்டிருந்த பாட்டில் தண்ணீரில் முக்கினார். நூற்றி நாற்பது. “பாருங்க. நீங்க குடிக்கற தண்ணி அழுக்கு. என்னுது சுத்தம்.”

“அம்பத்தூர் கம்பெனிக்கு வாரம் ஒரு கேன் தவறாம போகுதா பாய்?”

“தவறாம போகும். போன மாசம் மட்டும் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தேன். பன்னண்டாம் தேதியிலேர்ந்து இருபத்தி மூணு வரைக்கும் ஷட்டர் இறக்கியாச்சு. ஜேம்ஸ் தம்பிகிட்ட முன்னாடியே சொல்லி, பதினொண்ணாம் தேதி ஒரு முழு கேன் குடுத்துட்டுத்தான் போனேன்.”

“அதுக்கு முன்னாடி அனுப்பின கேன்ல மிச்சம் இருந்திருக்குமா?”

“காலி கேனைத் திருப்பிக் குடுத்தாதான்மா புது கேன் தருவேன்.”

பார்வதம் போனை எடுத்து நோட்டின் படத்தைப் பெரிதாக்கினாள். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு, பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு. ஆறு கையெழுத்துகள்.

“அஜ்மல், ஒரு தடவைக்கு நாலு லிட்டர். ஆறு தடவை.”

“இருபத்தி நாலு.”

“கேன்ல இருந்தது?”

“இருபது.” அஜ்மல் வாயைத் திறந்தபடி நின்றான். “அப்ப நாலு லிட்டரு ஆகாசத்துலேர்ந்தா வந்துச்சு?”

“ஆகாசத்துலேர்ந்து வந்திருந்தா நல்லது. வேற எங்கேயிருந்தோ வந்திருக்கு. பாய், இந்த மீட்டரை இன்னைக்கு ஒரு நாள் கொடுக்க முடியுமா?”

“எடுத்துட்டுப் போங்க. என் பேரைக் காப்பாத்திட்டுத் திருப்பிக் குடுங்க.”

ஜேம்ஸின் வாடகை வீடு திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தது. கதவைத் திறந்தவன் தோளில் ஒரு துண்டு. துண்டின் மேல் மூன்று வாரக் குழந்தை. பார்வதம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவன் முகம் இறுகியது.

“சார் அனுப்பினாரா? உள்ள வாங்க. மெதுவா பேசுங்க, என் மனைவி இப்பதான் தூங்கினா.”

“இன்டர்வியூ போனது உண்மையா?”

“உண்மை. பிரசவத்துக்கு லீவு கேட்டேன் மேடம். சார் தரலை. தட்டு முக்கியமா, பொண்டாட்டி முக்கியமான்னு கேட்டார். அந்தக் கோபத்துல போனேன். ஆனா அந்தத் தட்டுல கை வைக்கற ஆள் நான் இல்லை. சௌம்யா மேடத்தோட முதல் தட்டுக்குக் கண்ணாடி வெட்டினதே நான்தான்.”

பார்வதம் போனை அவன் முன் நீட்டினாள். “இந்த ஆறு கையெழுத்தும் உங்களோடதா?”

“ஆமா.”

“ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டதா?”

சிறு தயக்கம். “ஆமா.”

“பேனா மை முதல் கையெழுத்துல நல்லா இருக்கு. மூணாவதுல மங்குது. அஞ்சாவதுல மையே இல்லை, காகிதத்துல தடம்தான் இருக்கு. ஆறாவதுல வேற பேனா. பன்னிரண்டு நாள்ல மை இப்படித் தீராது ஜேம்ஸ். ஒரே மூச்சுல உக்காந்து போட்டிருக்கீங்க.”

ஜேம்ஸ் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். அது சிணுங்கியது. அதன் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றான்.

“வாயத் தொறங்க பிரதர்” என்றான் அஜ்மல். “இல்லன்னா சாயங்காலம் உங்களத் தூக்கினு போயி ஸ்டேஷன்ல குந்த வச்சிருவாங்க. குழந்தைக்குத் தாலாட்டு பாட எஸ்.ஐ. வர மாட்டாரு.”

“கையெழுத்து என்னோடது. ஊத்தினது நான் இல்லை” என்றான் ஜேம்ஸ் கடைசியில். “அந்த ரெண்டு வாரமும் ஆவடி ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் ஓடிட்டிருந்தேன். காலைல முகத்தைக் காட்டிட்டுக் கிளம்பிடுவேன். சாவியை நாகம்மாகிட்ட கொடுத்து, கேன் தண்ணியை ஊத்தச் சொன்னேன்.”

“இதை ஏன் ராகவன்கிட்ட சொல்லலை?”

“சொன்னா அன்னைக்கே அவங்களைத் துரத்திடுவார். எனக்கு வேற வேலை கிடைக்கும் மேடம். அவங்களுக்கு?”

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அஜ்மல் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். “இன்னாக்கா, கேசு இப்டி நாகம்மா தலைல வந்து வுயுது? எனக்குப் புடிக்கல.”

“எனக்கும் பிடிக்கலை. வண்டியை எடு.”

அவர்கள் அம்பத்தூர் திரும்பியபோது மணி மூன்றரை. நாகம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தாள்.

“ஆறு மணி வரைக்கும் வேலைன்னாங்களே?” என்றாள் பார்வதம்.

“ஒடம்பு சரியில்லம்மா. ஊட்டுக்குப் போறேன்.”

“ஜேம்ஸைப் பார்த்துட்டு வரோம்.”

பை நழுவி விழுந்தது. நாகம்மா அதை எடுக்கவில்லை. “அது ஒண்ணும் செய்யல. புள்ளக்காரன். அத உட்டுடுங்க” என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு ராகவனும் சௌம்யாவும் வந்துவிட்டார்கள்.

“சொல்லுங்க நாகம்மா. கேன் தண்ணி பத்தலை. அப்படித்தானே?”

“மொதல்லயே பத்தாதுன்னு தெரிஞ்சிபோச்சும்மா. ஆபீசு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தணும்னு அந்தக் கேன்லேர்ந்து ரெண்டு லிட்டரு எடுக்கச் சொன்னாங்க. மீதி பதினெட்டு. நாலுக்கும் ஊத்துனா பாதிலயே தீந்துடும். கடையும் பூட்டிக் கெடந்துச்சு. அதான் மூணு பொட்டிக்குன்னு அளந்து வச்சிகினேன். மூணுக்கு ஆறு வாட்டி வந்துச்சு. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் ஆறு வாட்டியும் குழாத் தண்ணிய ஊத்தினேன். தண்ணிதானேன்னு நெனச்சேன். அப்பால பாத்தா சார் போலீசுன்றாரு...” முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“இன்வெர்ட்டருக்கு எடுக்கச் சொன்னது யாரு?”

நாகம்மாவின் பார்வை ராகவனின் செருப்பு வரை போய்த் திரும்பியது. ராகவன் தொண்டையைக் கனைத்தார்.

“அதுவா இப்ப முக்கியம்? போர் தண்ணியை ஊத்தியிருக்கா! இவளேதான் ஒத்துக்கறா! சௌம்யா, கேட்டியா? உன் மூணு தட்டையும்...”

“ஒரு நிமிஷம் சார்” என்றாள் பார்வதம். அவள் நெற்றி சுருங்கியிருந்தது. “மூணுக்கு நல்ல தண்ணி. ஒண்ணுக்குத்தான் குழாய்த் தண்ணி. செத்தது மூணு. கணக்கு இடிக்குது. நாகம்மா, மேல வாங்க. எந்தப் பெட்டின்னு கையால தொட்டுக் காட்டுங்க.”

எல்லாரும் மாடிக்கு ஏறினார்கள். நாகம்மா முதல் பெட்டியைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். மூன்றாவதையும் தாண்டிப் போய், தொட்டி ஓரமாக, குமிழிகள் விட்டுக்கொண்டிருந்த நான்காவது பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“இதும்மா. ஓரமா கீதே, யாரும் பாக்க மாட்டாங்கன்னு...”

கீழே லேத் பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் மட்டும் கேட்டது.

“யக்கா” என்றான் அஜ்மல் மெதுவாக. “வெசம் குடிச்சவன் உசுரோட கீறான். பால் குடிச்சவங்க மூணு பேரும் காலி.”

“உளர்றா! பயத்துல எதையோ சொல்றா!” என்றார் ராகவன்.

பார்வதம் நஜீர் பாயின் மீட்டரை எடுத்து முதல் பெட்டியின் துளைக்குள் விட்டாள். மூன்று. இரண்டாவது, நான்கு. மூன்றாவது, மூன்று. நான்காவதில் எண் ஏறிக்கொண்டே போய் முந்நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

“நாகம்மா உளறலாம் சார். மீட்டர் உளறாது. நாம காலையிலேர்ந்து தப்பான கேள்வியைக் கேட்டுட்டிருக்கோம். மூணு தட்டை யார் கொன்னாங்கன்னு தேடினோம். மூணும் தானாத்தான் செத்திருக்கு. யாரோ கை வெச்சது உயிரோட இருக்கற ஒண்ணுல.”

சௌம்யா அதற்குள் நான்காவது பெட்டியின் முன் மண்டியிட்டிருந்தாள். செல்போன் விளக்கைத் தட்டின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தாள். மஞ்சளின் மேல் தேநீர்க் கறை போல, பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு, ஒரு பழுப்பு ஓடியிருந்தது. அவள் கழுத்தைத் திருப்பிக் குழாயடி வாளியைப் பார்த்தாள். அதன் துருவைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

“இரும்பு” என்றாள். “மேடம், இந்தத் தோல்ல இருக்கற இரும்பு கொஞ்சம் கொஞ்சமா தண்ணில கரையும். அது தெரிஞ்சதுதான். அதனாலதான் சுத்தமான தண்ணியா ஊத்தி ஊத்தி வெச்சேன். ஆனா சுத்தமான தண்ணில எதுவுமே இல்லையே! அது பசியோட இருக்கும். தோல்ல இருக்கற இரும்பை இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. இங்க தண்ணிலயே இரும்பு இருக்கு. போனது போன இடத்துக்கே திரும்பி வந்து ஒட்டிக்குது. புண்ணு தானா ஆறற மாதிரி. மூணு வருஷமா நான் பூச்சை மட்டுமே மாத்திட்டிருந்தேன். தண்ணியை யோசிக்கவே இல்லை.”

“அப்ப கொலகாரன் நஜீர் பாயோட தண்ணியா?” என்றான் அஜ்மல். “இத அவராண்ட போயி சொல்ற தெகிரியம் எனக்கு இல்லக்கா. நீயே மீட்டரத் திருப்பிக் குடு.”

ராகவனின் முகம் மாறியது. பார்வதம் கவனித்தாள். கோபம் போன இடத்தில் வேறு ஏதோ வேகமாக வந்து உட்கார்ந்தது.

“நல்லது” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “ரொம்ப நல்லது. சௌம்யா, செத்த மூணையும் கழட்டி உள்ளே வெச்சுடு. சனிக்கிழமை நாலாவது மட்டும் இருக்கட்டும். இரும்பு கலந்த தண்ணி நாமளே திட்டம் போட்டுச் செஞ்சதுன்னு எழுதிக்கோ. நோட்டுல அந்தப் பக்கத்தைப் புதுசா எழுதிடு. நாகம்மா நாளையிலேர்ந்து வர வேண்டாம். பார்வதம் மேடம், உங்க வேலை முடிஞ்சுது. ஜேம்ஸ் மேல புகார் கொடுக்கலை, போதுமா?”

நாகம்மா படிப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

“நில்லுங்க நாகம்மா” என்றாள் பார்வதம். “சார், இன்ஷூரன்ஸ்ல இதுக்கு ஒரு பேர் உண்டு. எரிஞ்ச குடோனுக்கு முன்தேதி போட்டு ரசீது எழுதறது. என் அறிக்கையில நடந்தது நடந்தபடி இருக்கும். இன்வெர்ட்டருக்குப் போன ரெண்டு லிட்டரும் இருக்கும்.”

“நான் கூப்பிட்டு வந்தவங்க நீங்க. என் கேஸ் இது.”

“யார் கூப்பிட்டாலும் சாம்பல் ஒண்ணுதான் சார்.”

ராகவன் சௌம்யாவிடம் திரும்பினார். “நீ சொல்லு. ஒரு தட்டு ஜெயிச்சிருக்கு. அதை வெச்சுக் குழுவைச் சம்மதிக்க வைக்கறதா, இல்லை பெருக்கற அம்மா தப்பா ஊத்தினதுல கிடைச்சதுன்னு சொல்லிச் சிரிப்பாச் சிரிக்கறதா? மூணு வருஷம் சௌம்யா. யோசிச்சுப் பேசு.”

சௌம்யா எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் எல்லாருக்குமே நீளமாக இருந்தது.

“மூணும் இங்கேயேதான் இருக்கும் சார்” என்றாள். “செத்ததைக் காட்டலைன்னா உயிரோட இருக்கறதை யாரும் நம்ப மாட்டாங்க. நானே நம்ப மாட்டேன். ஒரே ஒரு தட்டு தற்செயலா பிழைச்சிருக்கலாம். இப்போதைக்கு இது என் யூகம் மட்டும்தான்.”

“யூகத்தை எப்படி நிரூபிப்பீங்க?” என்றாள் பார்வதம்.

“நாகம்மா செஞ்சதையே மறுபடி செஞ்சு.” சௌம்யா வாளியைக் குழாய்க்கு நேரே நகர்த்தினாள். “தோல் மட்டும் போயிருந்தா மீளும். உள்ளே மஞ்சளையே வெயில் அரிச்சிருந்தா மீளாது. ஒண்ணும் ரெண்டும் முதல்லயே நின்னுடுச்சு. மூணாவது நேத்து சாயங்காலம்தான் நின்னுச்சு. இன்னும் ஒன்றரை மணி நேரம் வெயில் இருக்கு. நாகம்மா, நீங்களே ஊத்துங்க. அன்னைக்கு எப்படி ஊத்தினீங்களோ அப்படியே.”

“நானாம்மா? இன்னொரு வாட்டியா?” நாகம்மா பின்வாங்கினாள். “கெட்டுப் போச்சுன்னா?”

“ஏற்கெனவே செத்தது நாகம்மா. இனிமே என்ன கெடப் போகுது?”

மூன்று பெட்டிகளிலிருந்தும் பாதித் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டார்கள். நாகம்மா லிட்டர் குவளையால் செந்தண்ணீரை மொண்டு, ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பார்வதம் ஜேம்ஸுக்குப் போன் செய்து, நாளைக் காலை வேலைக்கு வரலாம், போலீஸ் வராது என்றாள். ராகவன் மறுப்பார் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூன்றாவது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கேகால். ஒன்றுமில்லை. நான்கரை. முதல் இரண்டு தட்டுகளும் குளத்தில் கிடக்கும் ஓடு மாதிரி கிடந்தன. அஜ்மல் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து, சௌம்யாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். வெயில் சாய்ந்து தொட்டியின் நிழல் நான்காவது பெட்டியின் ஓரத்தைத் தொட்டது. அங்கே குமிழிகள் குறைந்தன.

“போதும்” என்றார் ராகவன். “இது நடக்கற காரியம் இல்லை.”

“ஐயே, சார் கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் நாகம்மா. அவரிடம் அப்படிப் பேசிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. மூன்றாவது பெட்டியின் மேல் முகத்தைக் கவிழ்த்திருந்தாள். “யம்மா சௌம்யா, இங்க வா. இந்த மூலையில பாரு. ஒண்ணு ஒட்டிகினு கீது.”

தட்டின் கீழ் மூலையில் கடுகளவுக்கு ஒரு குமிழி. அது பெருத்தது, மிளகளவானது, பிடி விட்டு மேலே ஏறிப் போய் உடைந்தது. அந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு.

சௌம்யா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த நோட்டை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, தேதியும் நேரமும் எழுதினாள். முதல், இரண்டாம் தட்டுகளில் மாற்றமில்லை என்று எழுதினாள். மூன்றாவதில் நான்கு நாற்பத்தெட்டுக்கு முதல் குமிழி என்று எழுதினாள். அதற்குக் கீழே போன மாதத்து ஆறு தேதிகளையும் வரிசையாக எழுதி, எதிரே ‘குழாய்த் தண்ணீர், நான்காவது பெட்டி’ என்று போட்டு நிமிர்ந்தாள்.

“உங்க இனிஷியல் என்ன நாகம்மா?”

நாகம்மாவின் கை முந்தானையை இறுக்கியது. “எதுக்கும்மா? போலீசுக்கா?”

“இல்லை. ஊத்தினவங்க பேர் எழுதற இடம் இது.”

நாகம்மா அந்த மூலையையே இன்னொரு முறை பார்த்தாள். குமிழிகள் நிற்கவில்லை.

“கே” என்றாள். “கன்னியப்பன் பொண்ணு. கே. நாகம்மான்னு போடு.”